படலிலிருந்து ஷட்டர் வரை: கொங்கு நாட்டு வண்டி வாசல்

கொங்கு நாட்டில் வண்டி நிறுத்தும் இடத்துக்கெனத் தனிக் கதவு வைக்கும் வழக்கம் மோட்டார் காருடன் வந்தது. அதற்கு முன்பு காவல் வண்டிக்கு அல்ல, பண்டம்பாடி என்ற கால்நடைகளுக்குத்தான். தோட்டத்துச் சாளையின் ஒருபுறம் கட்டுத்தரை இருக்கும். அதையொட்டிய சாய்ப்பில் பாரவண்டி நுகத்தடியைத் தரையில் ஊன்றி நிற்கும். இரவில் மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் படுத்திருப்பான். மாடில்லாத வண்டியை இழுத்துக்கொண்டு எந்தத் திருடனும் வெகுதூரம் போய்விட முடியாது.

கதவு தேவைப்பட்ட இடம் வேலிதான். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களை முள்ளுக்கிளுவை வேலி சூழ்ந்திருக்கும். வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையிலிருந்து காட்டுக்குள் நுழையும் கடவை ஒரு படல் அடைத்திருக்கும். கழிகளின் குறுக்கே முள்ளை வைத்து இறுக்கிக் கட்டிய அந்தப் படலை மாடு மேய்க்கும் சிறுவனே தூக்கி நகர்த்திவிடுவான். கட்டு தளர்ந்தால் கயிற்றை மாற்றுவார்கள். முள் உதிர்ந்தால் புதிதாகச் செருகுவார்கள். பராமரிப்பு அவ்வளவுதான். மேலே சாய்ந்து விழுந்தாலும் கீறலோடு போய்விடும்.

வசதியான குடும்பங்களின் தொட்டிக்கட்டு வீடுகளில் கனத்த மரக்கதவுகள் இருந்தன. அவற்றில் பழையவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிவிட்ட குடுமிகள் நிலையிலும் கல்லிலும் குடைந்த குழிகளில் சுழன்றன. கதவு முனகத் தொடங்கினால் குழியில் எண்ணெய் விடுவார்கள். வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துச் செய்த வண்டி மையை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியோடு தொங்கவிட்டவர்களுக்கு, தேயும் இடத்தில் பசை வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஞ்சாலைப் பணத்தோடு வந்த மோட்டார் வண்டி ஒரு தலைமுறைக்குள் இந்த நிலையை மாற்றியது. 1888-இல் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் கோவையில் நூற்பு ஆலை தொடங்கியது. 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். 1932-இல் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்காரர்களின் பங்களாக்களில் கார்கள் நின்றன. வீட்டின் முன்னால் போர்டிகோ, பின்னால் குதிரை வண்டிக் கொட்டகையின் சாயலிலேயே ஒரு கார் ஷெட், அதற்கு வெளிப்புறம் திறக்கும் இரட்டை மரக்கதவு. அந்தக் கதவுக்கு நிறைய வெற்றிடம் வேண்டும். பங்களா வளாகத்தில் அது கிடைத்தது. ஐந்து சென்ட் மனையில் கிடைக்குமா?

இடநெருக்கடிக்குத் தீர்வு கடைவீதியிலிருந்து வந்தது. பழைய கடைகள் பலகைக் கதவால் அடைக்கப்பட்டன: எண்ணிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் நிறுத்தி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார்கள். காலையும் இரவும் அந்தப் பலகைகளை அடுக்கியே கடைப்பையன்கள் அலுத்துப் போவார்கள். சுருட்டி மேலேற்றும் இரும்பு ஷட்டர் அந்த வேலையை ஒரே இழுப்பில் முடித்தது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் கடைகளில் பரவிய பொருள் அது. அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே 1921-இல் சி. ஜி. ஜான்சன் மேல்நோக்கித் தூக்கும் மடிப்புக் கதவை உருவாக்கினார். 1926-இல் அதற்கு மின்மோட்டார் இணைத்தார். அமெரிக்க வீடுகளின் காரேஜ் கதவு அந்த வழி வந்தது. கோவை வீட்டின் கார் ஷெட் கதவோ கடை ஷட்டரின் பிள்ளை.

ஷட்டர் இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. பம்புசெட்டும் ஆலை உதிரிபாகமும் செய்த பட்டறைகள் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் என்று பரவின. தகடு வளைக்கவும் வெல்டிங் வைக்கவும் தெரிந்த ஆள் தெருவுக்குத் தெரு கிடைத்தார். 1983 இறுதியில் மாருதி கார் வந்து நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கத் தொடங்கியபோது, வீட்டு முன்பகுதியில் ஒரு ஷட்டரோ தள்ளு கேட்டோ வைப்பது பட்டறைக்காரருக்கு இரண்டு மூன்று நாள் வேலை.

அந்த வேகத்தில் ஒன்று விட்டுப்போனது. படல் விழுந்தால் கீறல்தான், ஷட்டர் அப்படியல்ல. 6 சதுர மீட்டர் ஷட்டரை 1.25 மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் எடை 60 கிலோவைத் தாண்டும். ஒரு கையால் அதை மேலே தள்ள முடிவதற்குக் காரணம், மேலே உருளைக்குள் மறைந்திருக்கும் ஸ்பிரிங்குகள். ஷட்டர் இறங்கும்போது அவை முறுக்கேறி, ஏறும்போது அந்த விசையைத் திருப்பித் தருகின்றன. ஸ்பிரிங் அறுந்தால் அத்தனை எடையும் கீழே நிற்பவர் தலைமேல் வரும். பழைய கதவுக்கு வெளியிலிருந்து வரும் திருடன்தான் பயம். புதிய கதவுக்கு அதன் எடையே பயம். வாங்குபவர்கள் பூட்டைத்தான் இழுத்துப் பார்த்தார்கள்.

அளவுக்குத் தகுந்த அமைப்பு எது என்பதை இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6248 சொல்கிறது. 1979-இல் திருத்தி வெளியான அதன்படி, கையால் தள்ளும் ஷட்டர் 8 சதுர மீட்டர் வரைதான். பால் பேரிங் இருந்தால் 12 வரை போகலாம். அதற்கு மேல் கியரும் கைப்பிடியும், அல்லது செயினும் வேண்டும். இரண்டு கார் நுழையும் அகலத்துக்குக் கைஷட்டர் போட்டுவிட்டு, ஸ்பிரிங்கை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்குவது பட்டறைகளின் கெட்ட பழக்கம். சில மாதம் நன்றாகத்தான் ஓடும்.

கோவையின் காற்றும் தன் பங்குக்கு வேலை வைக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று பக்கவாட்டுச் சேனல்களில் மண்ணை நிரப்புகிறது. ஷட்டர் இறுகினால் பலரும் சேனலில் கிரீஸைத் தடவுகிறார்கள். கிரீஸில் மண் ஒட்டி, சாணை பிடிக்கும் பசைபோல் பட்டைகளின் ஓரத்தை அரிக்கும். சேனலைத் துடைத்து உலரவிட வேண்டும். எண்ணெய் பேரிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும்தான். ஐப்பசி மழையில் அடிப்பட்டையில் தண்ணீர் தங்குவதால் துரு அங்கிருந்தே ஏறுகிறது.

தள்ளு கேட்டின் ஆபத்து வேறு வகை. தண்டவாளத்தில் மண் அடைத்தால் சக்கரம் ஏறி இறங்கும். மேல்பகுதியைப் பிடித்து நிறுத்தும் உருளை கழன்றாலோ, கடைசியில் ஸ்டாப்பர் இல்லாவிட்டாலோ கேட் முழுசாகச் சாய்ந்துவிடும். கேட்டைத் தொற்றிக்கொண்டு விளையாடும் குழந்தைகள் இதில் சிக்குவது செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு போல்ட் செலவில் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை.

ரிமோட்டில் இயங்கும் ஷட்டரும் கேட்டும் இந்த நூற்றாண்டில் பரவின. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளின் கடும் மின்வெட்டு, கையால் திறக்க வழியில்லாத மோட்டார் ஷட்டர் என்ன செய்யும் என்று காட்டியது: கார் உள்ளே, ஆள் வெளியே. அமெரிக்காவில் 1993 முதல், வீட்டுக் கதவு மோட்டார்கள் தடை பட்டால் திரும்பி மேலேறும் அமைப்போடுதான் தயாராக வேண்டும் என்பது சட்டம். சிறுவர்கள் நசுங்கிய பிறகு வந்த சட்டம் அது. இங்கே குறுக்கே ஆள் நின்றால் மோட்டாரை நிறுத்தும் சென்சாரை விலைப்பட்டியலில் தனியாகக் கேட்டு எழுதவைப்பதே பாதுகாப்பு.

கொங்குப் பட்டறைகளில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இயந்திரமும் துடைக்கப்படுவது ஆயுத பூஜைக்குத்தான். வீடுகளில் காரைக் கழுவிச் சந்தனம் வைக்கிறார்கள். அதை அடைக்கும் கதவுக்கு ஒரு பொட்டோடு சரி. அன்றைக்கே ஷட்டரை இடுப்பளவு தூக்கிக் கையை விட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பார்க்கலாம். நின்ற இடத்தில் நின்றால் ஸ்பிரிங் சமநிலையில் இருக்கிறது, இறங்கினால் தளர்ந்துவிட்டது. தளர்ந்த ஸ்பிரிங்கை இறுக்குவது ஷட்டர் பட்டறைக்காரரின் வேலை. வீட்டுக்காரர் அதில் ஸ்பானர் வைக்கக் கூடாது.