வாளியில் வந்த அலை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கந்தர்வக்கோட்டையைப் புரட்டிப் போட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாய்ந்த முந்திரியும் தென்னையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒரு கண்ணாடித் தொட்டியைப் பற்றி.

மூன்றடி நீளத் தொட்டி. உப்புக் கலவை கரைத்த கடல்நீர், அதில் நான்கு கோமாளி மீன்கள். ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம். "குடிக்கிற தண்ணிக்கே போர் போட்டுத் தேடுற ஊர்ல கடல் தண்ணியா சார்?" என்று கேட்டவர்கள் உண்டு. தொட்டியில் பவளம் கிடையாது. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே எவ்வளவோ பவளப்பாறை போய்விட்டது. ஆகவே என் தொட்டியில் பாறைக்குப் பதில் உடைந்த ஓடுகள். கோமாளி மீனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் அதைக் குஞ்சு பொரிக்கவைத்தே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

மின்சாரம் போனதும் மோட்டார் நின்றது. விடிந்து பார்த்தால் நான்கும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் கரையும் பிராணவாயு குறைவு. நம்மூர் வெப்பத்தில் இன்னும் குறைவு. தண்ணீர் புரண்டுகொண்டே இருந்தால்தான் காற்று உள்ளே போகும். ஒரு செம்பை எடுத்து மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன்.

"ஏங்க, ஊரே கூரை இல்லாம நிக்குது. நீங்க மீனுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீங்களே!" என்றார் என் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது நியாயம். பத்து நிமிடம் கழித்து, "கொடுங்க, கை நடுங்குது உங்களுக்கு" என்று செம்பை வாங்கிக்கொண்டதும் அவர்தான். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பல நாட்கள் ஆயின. முறை வைத்து ஊற்றினோம். இரண்டு மீன் செத்தது, இரண்டு பிழைத்தது.

பிறகு ஒருநாள் படித்தபோதுதான் தெரிந்தது, வீட்டில் பவளம் வளர்த்த வரலாறே இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. 1846-இல் ஆன்னா தின் என்ற பெண்மணி, இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். அலுங்காமல் இருக்க ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து, ஜாடிக்குள் வைத்து எடுத்துப் போனாராம். லண்டனில் கடல்நீருக்குத் தட்டுப்பாடு. அதனால் வீட்டு வேலைக்காரப் பெண், திறந்த ஜன்னல் முன் நின்று, அரைமணி முக்கால்மணி நேரம் அந்தத் தண்ணீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றி ஆற்றினாள். நாம் காப்பி ஆற்றுகிறோமே, அதேதான். புத்தகங்களில் எசமானியின் பெயர் இருக்கிறது. ஆற்றியவள் 'வேலைக்காரப் பெண்' மட்டும்தான். அந்த நாட்களில் என் தோள் வலித்த வலிக்கு, எனக்கு அவள் பெயரைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.

பவளம் இடம் விட்டு இடம் நகராத உயிர். இரை, பிராணவாயு எல்லாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கழிவையும் தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போக வேண்டும். தேங்கினால் சாவு. பணம் இருந்த இடங்களில் இதற்கு நீராவி எந்திரம் வந்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீன் காட்சியகத்தில் 1871-இல் ஆல்ஃபோர்ட் லாய்ட் என்பவர் தரைக்கடியில் பெரிய தேக்கம் கட்டி, இரவும் பகலும் நீரைச் சுற்றவிட்டார். சென்னை மெரினாவிலும் எட்கர் தர்ஸ்டன் திட்டமிட்ட மீன் காட்சியகம் 1909-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டுவிட்டதால் நம் தலைமுறைக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பணம் இல்லாதவர்களின் வழிதான் எனக்குப் பிடித்தது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறைகளைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டுப் பவளங்களை வாழவைத்தார். வடிகட்டி எதுவும் இல்லை. 1961-இல் அவர் எழுதியபோது மேல்நாட்டில் பலர் நம்பவில்லையாம். வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் வால்ட்டர் ஏடி, நிறைந்ததும் தானே கவிழும் தொட்டியை வைத்து அலை எழுப்பினார். ஹவாயில் வைகிகி மீன் காட்சியகத்தைச் சேர்ந்த புரூஸ் கார்ல்சன் ஒரு படி மேலே போனார். அவர் அமைப்பில் அசையும் பாகமே கிடையாது. உயரத்தில் ஒரு வாளி, அதற்குள் தலைகீழாக வளைத்த ஒரு குழாய், வாளியை மெல்ல நிரப்ப ஒரு சின்ன மோட்டார். தண்ணீர் வளைவைத் தாண்டியதும் முழு வாளியும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாயும். குழாய் வாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் காற்று புகுந்து நின்றுவிடும். மறுபடி நிரம்பும்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் வசுதேவர் கிண்ணம்! குழந்தைக் கண்ணனைச் சுமந்து நிற்கும் வசுதேவர், தண்ணீர் கண்ணன் பாதத்தைத் தொட்டதும் முழுவதும் வடிந்துபோகும் பித்தளைக் கிண்ணம். வகுப்பில் எத்தனை வருஷம் செய்து காட்டியிருக்கிறேன்! நம் மாவட்டத்து ஏரிகளில் இருக்கும் குமிழித் தூம்பும் இதே தத்துவம்தான் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். இல்லை. குமிழியில் ஆள் முங்கி மேலே உள்ள நீரோடித் துளையின் அடைப்பைத் தூக்க வேண்டும். கீழே சேறோடித் துளைகள் வண்டலை இழுத்துப் போகும். அதன் பெருமை வேறு. இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டியதில்லை.

பெயின்ட் வாளி ஒன்று, இருபது லிட்டர். பரண் மேல் வைத்தேன். ஒன்றேகால் அங்குலக் குழாய் போட்டதில் முதல் நாள் தோல்வி: மோட்டார் ஏற்றிய அளவு தண்ணீர் வளைவுக்கு மேலே நூலாக வழிந்துகொண்டே இருந்தது, பாயவில்லை. ஒரு அங்குலக் குழாய்க்கு மாற்றி, அதன் கீழ்முனையைத் தொட்டி நீருக்குள் நாலு விரல் முங்கவைத்ததும் சரியானது. உள்ளே அடைபட்ட காற்று சட்டென்று தள்ளப்பட்டு, 'குபுக்'கென்று பாய்ச்சல் தொடங்கியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக வந்தாலும் வழியாத அளவுக்குத் தொட்டியில் இடம் விட்டு வையுங்கள். நான் விடவில்லை, கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

முதல் பாய்ச்சலில் அந்த இரண்டு மீன்களும் ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டன. சாயங்காலத்துக்குள் வெளியே வந்து, அலை வரும்போது அதை எதிர்த்து நீந்திப் பழகிவிட்டன.

மின்சாரம் போனால் கார்ல்சனின் வாளியும் காலிதான், யாராவது தண்ணீரை மேலே ஏற்றித்தானே ஆக வேண்டும்? அதற்காக லீ சின் எங் வழியில் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். செம்பும் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என் மனைவி அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.