பெயரடையும் அடையாக வரும் பெயரும் (ஆங்கில இலக்கணம்)

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை விளக்கும் சொல், பெயரடையாகவோ இன்னொரு பெயர்ச்சொல்லாகவோ இருக்கலாம். இரு வடிவங்களும் வழக்கில் இருந்தால் பெரும்பாலும் பொருள் மாறும். பெயர்ச்சொல் வகையைச் சுட்டும். பெயரடை தன்மையைச் சொல்லும். ‘கோல்டு ரிங்’ தங்கத்தால் செய்த மோதிரம். ‘கோல்டன் ஹேர்’ பொன்னிறக் கூந்தல். ‘ஹிஸ்டரி புக்’ வரலாற்றைச் சொல்லும் நூல். ‘ஹிஸ்டாரிக் புக்’ வரலாற்றில் இடம்பிடித்த நூல். ஆனால் ‘வுடன் பாக்ஸ்’ (மரப்பெட்டி) என்பதில் பெயரடையே மூலப்பொருளைக் குறிக்கிறது.

அடையாக வரும் பெயருக்கு முன் ‘வெரி’ சேராது. அது ஒப்பீட்டு வடிவமும் ஏற்காது. பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும்: எத்தனை செருப்புகள் விற்றாலும் அது ‘ஷூ ஷாப்’தான். ‘ஸ்போர்ட்ஸ் கார்’ போன்றவை விதிவிலக்கு.

சில இடங்களில் ஒலியழுத்தமே வேறுபாட்டைக் காட்டும். ‘இங்கிலிஷ் டீச்சர்’ என்பதில் முதற்சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர். அங்கே ‘இங்கிலிஷ்’ பெயர்ச்சொல். இரண்டாம் சொல்லை அழுத்தினால் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர். அங்கே அது பெயரடை. எழுத்தில் இந்த வேறுபாட்டைச் சூழலைக் கொண்டே அறிய முடியும்.