கொக்குத்தொடுவாய்க் கறுப்பு மண்

வாடைக் காற்று ஓய்ந்த கையோடு எங்கள் கடற்கரை கறுத்துப்போய்க் கிடக்கும். வெள்ளை மணலை அலை இழுத்துக்கொண்டு போய்விடும். பாரமான கறுப்பு மண் வரிவரியாகப் படிந்திருக்கும். மத்தியான வெய்யிலில் வெறுங்காலோடு நடக்க ஏலாது, அப்படிச் சுடும். அப்பா அதை இல்மனைற் என்பார். அம்மாவுக்கு அது வெறும் கறுப்பு மண். காயப் போட்ட மீனில் ஒட்டினால் எத்தனை தரம் அலசினாலும் போகாது என்று ஏசுவா.

கொக்கிளாயிலிருந்து தெற்கே புல்மோட்டை வரை இந்த மண் கிடக்கிறது. 1957இல் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. புல்மோட்டையில் கழுவிப் பிரித்த மணல், மணலாகவே கப்பலேறி வெளிநாடு போனது. வாங்கிய நாடுகளில் ஜப்பானும் ஒன்று. மணலுக்குள் இருப்பது தைத்தேனியம். பெயின்ற் வாளியில் டைட்டானியம் என்று போட்டிருப்பார்களே, அதுதான். 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் இந்த உலோகத்தை முதன்முதல் கண்டதும் ஓர் ஓடைக்கரைக் கறுப்பு மணலில்தான். 

1984 மார்கழியில் யுத்தத்தால் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் எல்லாம் ஊரை விட்டு எழும்பினோம். 1997 செப்ரெம்பரில் புல்மோட்டையில் மணல் ஏற்றிக்கொண்டு நின்ற கோர்டியாலிட்டி கப்பலை விடுதலைப் புலிகளின் கடற்புலிகள் தாக்கினார்கள், உயிர்கள் போயின. அதற்குள் நான் தாதியாகி, வன்னியில் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

2009 மாசியில் புதுமாத்தளன் பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. செல் துண்டு கிழித்த காயம் ஒவ்வொன்றுக்குள்ளும் கடற்கரை மண் இருந்தது. துணி முடிந்துபோக, பருத்திச் சேலைகளைக் கிழித்து, அவித்து, வேலியில் வெய்யிலுக்குப் போட்டுக் கட்டினோம். ஒரு பொடியனின் குதிக்கால் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கட்டை அவிழ்த்ததும் மணம் அடித்தது. சலத்தைத் துடைத்தால் அடியில் வழுவழுவென்று ஒரு படை. கிருமிகள் கூட்டமாகக் கட்டிக்கொள்ளும் கோட்டை அது, ஊசி மருந்து இலேசில் உள்ளே போகாது. உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் வந்தது. அவன் சத்தம் போடவில்லை, என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மாசி 10ஆம் திகதி செஞ்சிலுவைக் கப்பல் முதல்தரம் காயக்காரரைத் திருகோணமலைக்கு ஏற்றிப் போனது. பங்குனியில் இந்திய வைத்தியக் குழு புல்மோட்டையில் ஆஸ்பத்திரி போட்ட பிறகு, கப்பல் அங்கே இறக்கத் தொடங்கியது. அப்படி ஒரு பயணத்தில் காயக்காரரோடு நானும் போனேன். இறங்கிக் குனிந்து பார்த்தால் காலடியில் கறுப்பு மண். ஏறக்குறைய இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகு அதை மிதித்தேன். அங்கேதான் முதல்தரம் அழுதேன்.

போன வருசம் என் தங்கச்சியின் மகன் வந்திருந்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவன். அங்கே பல வருசமாகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டில் சூரியக் கலம் செய்து பார்க்கிறார்கள். “பெரியம்மா, உங்கட கறுப்பு மண் இப்ப புண்ணுக்கும் மருந்தாகப் போகுது” என்றான்.

அவன் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். கறுப்பு மண்ணிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைத் தூளில் வெய்யிலின் புறஊதாக் கதிர் பட்டால், அது பக்கத்தில் இருக்கும் ஈரத்தையும் ஒட்சிசனையும் வெறிகொண்ட துணிக்கைகளாக மாற்றிவிடும். அவை கிருமியின் மேல்தோலைக் கிழிக்கும், உள்ளே இருப்பதையும் எரிக்கும். ஒரே இடத்தில் தாக்கும் மருந்துக்குக் கிருமி பழகிவிடுவதுபோல இதற்கு இலேசில் பழகாது. வெளிச்சம் பட்ட இந்தப் பொருள் தண்ணீரையே பிரிக்கும் என்று 1972இல் காட்டியவர்கள் ஃபுஜிஷிமா, ஹொண்டா என்ற ஜப்பானியர். 1985இல் மட்சுனாகாவும் கூட்டாளிகளும் அது கிருமியைக் கொல்வதைக் காட்டினார்கள். தூளை நனோ அளவுக்குச் சிறிதாக்கினால் வெளிச்சம் படும் பரப்பு பல மடங்கு கூடும். ஆனால் புறஊதா எங்கள் தோலையும் சுடும். அதனால் வெள்ளி சேர்த்து, சாதாரண வெளிச்சத்திலேயே வேலை செய்ய வைக்கப் பார்க்கிறார்கள். தங்க நனோத் துகளில் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, அந்தச் சூட்டில் படையைக் கரைப்பது வேறொரு வழி. அனேகமாக எல்லாம் இன்னும் ஆய்வுகூடத்திலும் எலித் தோலிலும்தான் நடக்கிறது.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான். வெளிச்சம் படவேண்டுமென்றால் புண்ணைத் திறந்து வைக்கவேணுமே? மாத்தளன் வெய்யிலுக்குக் குறைவில்லை. ஆனால் திறந்த புண்ணில் இலையான் குந்தி, மூன்றாம் நாள் புழு வைத்ததை நான் கண்டிருக்கிறேன். ஊசிமுனைக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணாடிபோலத் தெரிகிற ஈரமான கூழ்ப்படலம் செய்கிறார்கள், மருந்தை அதற்குள்ளேயே வைப்பார்கள் என்றான். கைபேசியில் படத்தையும் காட்டினான். கீழே இருக்கிற எழுத்தெல்லாம் அதற்குள்ளால் தெரிந்தது. வெளிச்சம் உள்ளே போகும், இலையான் போகாது.