புதுக்கோட்டை மாவட்டச் சுற்றுலா

தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சிவகங்கை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களை எல்லையாகக் கொண்டது புதுக்கோட்டை மாவட்டம். சமணர் கற்படுக்கைகள், குடைவரைக் கோயில்கள், முற்சோழர் காலக் கற்றளிகள், கோட்டைகள், கோயில்காடுகள், வங்கக் கடற்கரை ஆகியவை இங்குக் காணத்தக்கவை. பெரும்பாலான தொன்மையிடங்கள் மாவட்டத் தலைநகரிலிருந்து 40 கி.மீ. சுற்றளவுக்குள் அமைந்துள்ளன. ஆகவே நகரில் தங்கிக்கொண்டு, திசைக்கு ஒரு நாளாகச் சென்று திரும்புவதே வழக்கம். பேரரசுகளின் தலைநகர் எதுவும் இம்மண்ணில் இருந்ததில்லை. இங்குள்ள சிறந்த கோயில்களில் பலவற்றை எழுப்பியவர்கள் முத்தரையர், இருக்குவேளிர் போன்ற குறுநில மன்னர்களே.

நிலமும் வழிகளும்

மாவட்டத்தின் வடமேற்கில் சமவெளியின் நடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. தென்கிழக்கே நிலம் சரிந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வழியாகக் கடலை அடைகிறது. இடையே ஓடும் வெள்ளாறு சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாக மரபில் சொல்லப்படுவது. இரு நாட்டுப் படைகளும் வணிகரும் இந்நிலத்தின் வழியாகவே சென்று வந்தனர்.

இப்பகுதியின் வழியைக் கூறும் மிகப் பழைய இலக்கியச் சான்று சிலப்பதிகாரத்தில் உள்ளது. உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன், கொடும்பாளூர் ஏரிக்கரையில் பாதை மூன்றாகப் பிரிவதை எடுத்துச் சொல்லி, ஒவ்வொரு பாதையிலும் எதிர்ப்படுவதை விவரிக்கிறான். இன்றைய திருச்சி – மதுரை நெடுஞ்சாலையும் கொடும்பாளூரை ஒட்டியே செல்கிறது. திருச்சியிலிருந்து மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை புதுக்கோட்டை, காரைக்குடி வழியாகப் போகிறது. அருகிலுள்ள வானூர்தி நிலையம் திருச்சிராப்பள்ளி.

வரலாறு

சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள கல்வட்டங்களும் கல்லறைகளும் பெருங்கற்காலக் குடியிருப்பைக் காட்டுகின்றன. பொற்பனைக்கோட்டையில் சங்ககாலக் கோட்டையின் தடயங்கள் உள்ளன. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2023 முதல் அங்கு அகழாய்வு நடத்தியுள்ளது.

பல்லவரும் பாண்டியரும் மாறி மாறி மேலாட்சி செலுத்திய 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான காலமே இப்பகுதியின் கலைக்குப் பொற்காலம். பின்னர் சோழர், பாண்டியர், விசயநகரர், மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதிகள் என ஆட்சி கைமாறியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதி, தன் மனைவி காதலி நாச்சியாரின் உடன்பிறந்தவரான இரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்குத் தலைவராக்கினார். தொண்டைமான்களின் ஆட்சி ஆங்கிலேயர் காலம் முழுதும் நீடித்தது. திவான் அ. சேஷையா சாஸ்திரி 1878 முதல் நகரைச் சீரமைத்தார். கடைசி மன்னர் இராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில், 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

காணத்தக்க இடங்களின் வகைப்பாடு

கல்லில் மனிதன் செய்த வேலை எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கொண்டு இம்மாவட்டத்தின் தொன்மையிடங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். இந்த வரிசையிலேயே பார்த்து வருவோர்க்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வளர்ச்சி ஒழுங்காகப் புலப்படும்.

1. இயற்கைக் குகைகள். பாறையைக் குடையாமல், இயற்கையாய் அமைந்த குகையில் தரையை மட்டும் செதுக்கிப் படுக்கை செய்த காலத்தவை இவை. சித்தன்னவாசல் மலைமேலுள்ள ஏழடிப்பட்டம் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. பாறையின் செங்குத்தான பக்கத்தில் வெட்டிய ஏழு பள்ளங்களில் கால் வைத்தே முற்காலத்தில் இதை அடைந்தனர். தலையணைபோல் ஒரு முனை உயர்ந்த, வழவழப்பான 17 படுக்கைகள் உள்ளே உள்ளன. ஒரு படுக்கையை ஒட்டித் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு காணப்படுகிறது. எருமி நாட்டுக் குமட்டூரில் பிறந்த துறவி ஒருவருக்கு, சிறுபொசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளயர் இவ்விருக்கையைச் செய்தளித்தார் என்பது அதன் செய்தி. காலம் கி.மு. 1ஆம் நூற்றாண்டு.

2. குடைவரைகள். பாறையைக் குடைந்து கருவறையும் மண்டபமும் அமைத்தவை. சித்தன்னவாசலின் மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயில் சமணருடையது. அர்த்தமண்டபத்தில் பார்சுவநாதரும் ஆசாரியர் ஒருவரும், கருவறையில் மேலும் மூன்று உருவங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. மண்டப விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. தாமரை, அல்லி, மீன், அன்னம், எருமை, யானை ஆகியவற்றுக்கிடையே மூவர் பூப்பறிக்கின்றனர். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்னும் சமண அவைக் காட்சியில் வரும் தடாகம் இது. தூண்களில் ஆடல் மகளிர் இருவரும், மகுடம் தரித்த அரசனும் அரசியும் காணப்படுகின்றனர். மதுரை ஆசிரியரான இளங்கௌதமன், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் (815–862) காலத்தில் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாக இங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. எனவே ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை. அசந்தாவுக்குப் பின் தென்னகத்தில் எஞ்சிய ஓவியங்களில் இவை முதலிடம் பெறத்தக்கவை. ஆயினும் பெரும்பகுதி மங்கிவிட்டது. நல்ல வெளிச்சம் உள்ளபோது பார்ப்பது நலம்.

குடுமியான்மலையில் மேலைக்கோயில் எனப்படும் குடைவரைக்கு அருகே, பாறையில் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு உள்ளது. கிரந்த எழுத்தில் 38 வரிகள், ஏழு பகுதிகள். மத்திமகிராமம், சட்சகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்னும் ஏழு இராகங்களுக்குரிய சுரக்கோவைகள் மாணவர் பயிற்சிக்காகப் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனான, சிவபத்தி மிக்க மன்னன் ஒருவன் இதை இயற்றியதாக இறுதியில் குறிப்பு உண்டு. இந்திய இசை வரலாற்றில் சுரங்களைக் கல்லில் பொறித்த சான்றாக இதற்கு இணையானது வேறில்லை. குன்றின் அடியிலுள்ள சிகாநாதசுவாமி கோயிலின் மண்டபச் சிற்பங்கள் நாயக்கர் காலத்தவை.

நார்த்தாமலையின் மேலமலையில் இரு குடைவரைகள் அருகருகே உள்ளன. பழியிலி ஈச்சுரத்தைப் பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை முன்மண்டபம் எடுத்தாள். மற்றொன்று சமணர் குடகு எனப்பட்டாலும், அதில் ஒரே அச்சாய் அமைந்த 12 திருமால் உருவங்கள் ஆளுயரத்தில் வரிசையாய் நிற்கின்றன. மலையடிப்பட்டியில் சிவனுக்கும் திருமாலுக்கும் தனித்தனிக் குடைவரைகள் உண்டு. சிவன் குடைவரை, பல்லவன் தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் குவாவன் சாத்தன் என்னும் முத்தரையனால் எடுக்கப்பட்டது. குன்றாண்டார்கோயில், திருக்கோகர்ணம், மலையக்கோயில் ஆகியவையும் இவ்வகையில் அடங்கும்.

திருமயத்தில் ஒரே குன்றின் அடியில் சத்தியகிரீசுவரர் குடைவரையும், பள்ளிகொண்ட பெருமாளின் குடைவரையும் அடுத்தடுத்து உள்ளன. பின்னது 108 திவ்யதேசங்களுள் ஒன்று. இரு கோயிலாரிடையே நெடுநாள் நிலவிய பூசலை, போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில் தீர்த்து வைத்த செய்தியை 1245ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

3. கற்றளிகள். கல்லை வெட்டியெடுத்து அடுக்கிக் கட்டியவை. நார்த்தாமலையில் குடைவரைகளுக்கு எதிரே, மேற்கு நோக்கி நிற்கும் விசயாலய சோழீச்சுரம் சோழர் பெயரால் வழங்கினாலும் முத்தரையர் ஆக்கமே. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுத்த கற்றளி மழையாலும் இடியாலும் சிதைய, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு தெளிவாகவே சொல்கிறது. வெளியே சதுர விமானம், உள்ளே வட்டக் கருவறை என்னும் அமைப்பு அரிதானது. சுற்றியிருந்த எட்டுச் சிற்றாலயங்களில் ஆறு எஞ்சியுள்ளன.

கொடும்பாளூர் மூவர் கோயிலை 10ஆம் நூற்றாண்டில் இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தேவியரான கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுத்தான். மதுரையைச் சேர்ந்த காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடமும் ஊர்களும் அளித்ததை அவனது வடமொழிக் கல்வெட்டு குறிக்கிறது. மூன்று விமானங்களில் நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதும் முழுமையாக நிற்க, வடக்கிலுள்ளதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். அருகில் முசுகுந்தேசுவரர் கோயில் வழிபாட்டில் உள்ளது. புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள திருக்கட்டளை சுந்தரேசுவரர் கோயிலும் முற்சோழர் காலத்தது.

4. பிற்காலக் கோயில்களும் கோட்டைகளும். ஆவுடையார்கோயில் எனப்படும் திருப்பெருந்துறை, மாணிக்கவாசகர் வாழ்வோடு தொடர்புடையது. ஆத்மநாதர் கருவறையில் இலிங்கம் இல்லை, ஆவுடை மட்டுமே உண்டு. நந்தியும் கொடிமரமும் இல்லை. மரச்சட்டங்களும் கயிறுகளும் எனக் கண்ணை மயக்கும்படி கல்லிலேயே செதுக்கிய கொடுங்கைகள் சிற்பிகளின் உச்சகட்டத் திறமைக்குச் சான்று. கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் பொறுப்பில் உள்ளது. திருமயம் கோட்டை 1687இல் சேதுபதியால் கட்டப்பட்டது. ஆவூர் தேவாலயம், காட்டுபாவா பள்ளிவாசல் ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை.

நகரம்

புதுக்கோட்டையின் தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒழுங்குபட அமைந்தவை. தொண்டைமான்களின் புதிய அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் திருக்கோகர்ணம் கோயிலில் உறைகிறாள். அவளுருவம் பொறித்த செப்புக்காசான அம்மன் காசு நவராத்திரியில் அரிசியுடன் வழங்கப்பட்டது. திருக்கோகர்ணத்தில் 1910இல் நிறுவப்பட்ட அரசு அருங்காட்சியகத்தில் சமஸ்தானத்தின் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், காசுகள், ஓவியங்கள் உள்ளன. மலையேறுமுன் இதைப் பார்த்துவிட்டால் குன்றுகளில் காண்பவை எளிதில் விளங்கும்.

இயற்கையும் மரபும்

விராலிமலை முருகன் கோயிலைச் சூழ்ந்த காட்டில் மயில்கள் மிகுதி. இம்முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது தனி வழக்கம். சதிராட்ட மரபின் கடைசிக் கண்ணிகளுள் ஒருவரான விராலிமலை முத்துக்கண்ணம்மாள் 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். மாவட்டத்தின் சிற்றூர்களில் வீரை, காசா, பாலை முதலிய மரங்கள் அடர்ந்த கோயில்காடுகள், வெட்டக் கூடாதென்னும் நம்பிக்கையாலேயே தப்பியுள்ளன. குளமங்கலத்தில் ஐயனார் கோயில் முன்னுள்ள பிரம்மாண்டமான குதிரைக்கு மாசி மகத்தன்று காகித மாலைகள் குவிகின்றன. கடற்கரை ஊரான முத்துக்குடாவில் அலையாத்திக் காடு உண்டு.

பயண வரிசை

முதல் நாள் அருங்காட்சியகம், திருக்கோகர்ணம், திருக்கட்டளை என நகரையும் அதை ஒட்டிய ஊர்களையும் பார்க்கலாம். இரண்டாம் நாள் விடியலில் புறப்பட்டால், ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவிலுள்ள சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்தை வெயிலுக்கு முன் ஏறி இறங்கி, அறிவர் கோயிலையும் பார்த்துவிட்டு, அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலையை நண்பகலுக்குள் முடிக்கலாம். நார்த்தாமலை திருச்சி சாலையில் உள்ளதால் அதற்கு மாலைப்பொழுதை ஒதுக்குவர். மூன்றாம் நாள் கொடும்பாளூரும் விராலிமலையும். திருச்சியிலிருந்து வருவோர் இவ்விரண்டையும் முதலில் வைத்துக்கொண்டால் வழி மிச்சமாகும். நான்காம் நாள் தெற்கே 20 கி.மீ. தொலைவிலுள்ள திருமயம், பின் அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயில், நேரமிருப்பின் கடற்கரை.

குன்றுகளில் நிழல் கிடையாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வழிபாட்டிலுள்ள கோயில்கள் நண்பகலில் நடைசாத்தப்படும் என்பதால் அவற்றைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொண்டு, தொல்லியல் சின்னங்களுக்கு இடைப்பொழுதைக் கொடுப்பது நடைமுறை. குடிநீர் உடன் கொண்டுசெல்ல வேண்டும். தொலைவிலுள்ள குன்றுகளுக்குப் பேருந்துகள் குறைவு. வாடகைக் காரே வசதி.

சனவரியில் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும். பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழா. திருவிழா நாள்களில் சாலைகள் நெரிசலாக இருக்கும்.

இன்றைய நிலை

சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, மூவர் கோயில் முதலியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. சிலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. முத்துக்குடாவில் படகுச் சவாரிக்கு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. தங்கும் விடுதிகள் பெரும்பாலும் புதுக்கோட்டை நகரிலேயே உள்ளன.