கண்ணுக்குத் தெரியாத நோய்களும் சிறுவர் படநூல்களும்

குழந்தைகளுக்கு வரும் நெடுநாள் நோய்களில் சில, வெளியே எந்த அடையாளமும் காட்டுவதில்லை. முதல் வகை நீரிழிவு, வலிப்பு, இளைப்பு, தலசீமியா, ருமாட்டிக் காய்ச்சலுக்குப் பின் வரும் இதய வால்வுக் கோளாறு ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இந்நோய் உள்ள குழந்தை பெரும்பாலான நாட்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளிக்கு வரும், விளையாடும். ஆனால் நோய் ஆண்டுக்கணக்கில் உடன் இருக்கும். நோயை அக்குழந்தைக்கும் அதன் உடன்பிறந்தாருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் விளக்கும் கருவியாகப் படநூல் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் பந்தல்குடி வட்டாரம் போன்ற ஊர்ப்புறங்களில் அதன் தேவை என்ன என்பதையும் பார்க்கிறது.

நோயோடு வளரும் குழந்தைகள்

குழந்தைக்கு நோயை விளக்க வேண்டும் என்ற தேவை, மருத்துவம் குழந்தையைப் பிழைக்க வைத்த பிறகே பெரிதாக எழுந்தது. 1921-இல் கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் நெடுங்காலம் வாழ்ந்ததில்லை. தாம்சன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பெனிசிலின் வந்த பிறகு, ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் தாக்காமல் தடுக்கும் ஊசி புழக்கத்துக்கு வந்தது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். தலசீமியா உள்ள குழந்தைகள் முறையாக இரத்தம் ஏற்றிக்கொண்டு வளர முடிந்தது. உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் ஊசி எதற்கு, எல்லோரும் தின்னும் கருப்பட்டி மிட்டாயை நான் மட்டும் ஏன் அளவு பார்த்துத் தின்ன வேண்டும், இது எப்போது சரியாகும் என்று குழந்தைகள் கேட்டனர். பெற்றோரிடம் மட்டுமே பேசிப் பழகிய மருத்துவம், குழந்தைக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

தண்டனை என்ற எண்ணம்

குழந்தை நோயை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்துள்ளனர். தவறு செய்தால் தண்டனை தானாகவே வந்து சேரும் என்று சிறு குழந்தைகள் நம்புவதை, சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குழந்தைகளின் நோய்க் கருத்துகள் வயதுக்கு ஏற்பப் படிப்படியாக வளர்வதை, அமெரிக்க ஆய்வாளர்கள் பிபாஸ், வால்ஷ் ஆகியோர் 1980-இல் எழுதினர். பள்ளி செல்லும் தொடக்க வயதில் எல்லா நோயும் ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம் வலுவாக இருக்கும் என்பது அவர்கள் கண்ட படிநிலைகளுள் ஒன்று.

தமிழ்நாட்டு வீடுகளில் இவை புதிய செய்திகள் அல்ல. "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று கேட்டு வளரும் குழந்தை, தனக்கு வந்த நோயையும் சாமி கொடுத்த தண்டனை என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அதன் பக்கத்தில் உட்காரும் குழந்தை, அது தனக்கும் ஒட்டிவிடும் என்று தள்ளி உட்காருகிறது. யாருடைய தவறும் இல்லை, தொட்டால் ஒட்டாது என்ற இரண்டையும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்படி சொல்வதே இவ்வகைப் படநூலின் முதல் வேலை.

தெரியாததை வரைதல்

ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் ஹாஃப்மன் தம் மகனுக்காக எழுதி வரைந்த 'ஸ்ட்ருவல்பீட்டர்' 1845-இல் வெளியானது. சாப்பாட்டு மேசையில் ஒரு கணமும் அடங்கி உட்காராத பிலிப் என்ற சிறுவனின் கதை அந்நூல் வரிசையில் உண்டு. கவனக்குறைவும் மிகையான இயக்கமும் கொண்ட குறைபாட்டின் பழைய சித்திரமாகப் பிற்கால மருத்துவர்கள் அதைக் குறிப்பிடுவதுண்டு. ஆயினும் கதை பிலிப்பை அடங்காத பிள்ளையாகவே காட்டுகிறது. நோயின் விளைவைக் குழந்தையின் குணமாகப் பார்த்த காலத்தின் நூல் அது.

பின்னர் பார்வை மாறியது. நூல்கள் சில குழந்தைகளுக்குக் கண்ணாடி, சில குழந்தைகளுக்குச் சன்னல் என்ற கருத்தை அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்தார். நோயுள்ள குழந்தை நூலில் தன்னைக் காண்கிறது. மற்றக் குழந்தை அதே நூலின் வழியே அடுத்தவர் வாழ்வைக் காண்கிறது. 2011-இல் டிஸ்னி நிறுவனமும் லில்லி மருந்து நிறுவனமும் இணைந்து, முதல் வகை நீரிழிவு உள்ள கோகோ என்ற குரங்குப் பாத்திரத்தை உருவாக்கின. கோகோ நண்பர்களோடு விளையாடுகிறாள். இடையில் சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்கிறாள். உடலுக்குள் இருக்கும் நோயை வரைய இயலாததால், நோயோடு கழியும் நாளை வரைவது என்ற முறை இவ்வாறு பரவியது.

இந்தியாவிலும் தமிழிலும்

இந்தியாவில் சிறுவர் படநூல் வெளியீடு நிறுவன வடிவம் பெற்றது 1957-இல். சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகிய இரண்டும் அவ்வாண்டில் தோன்றின. சென்னையில் 1994-இல் தாரா பதிப்பகமும் 1996-இல் தூலிகா பதிப்பகமும் தொடங்கப்பட்டன. மாற்றுத்திறன் பற்றி ஷீலா திர் எழுதிய நூலைத் தூலிகா 1999-இல் வெளியிட்டது. சக்கர நாற்காலியில் செல்லும் சிறுமியைப் பற்றித் தாரிணி விஸ்வநாத் எழுதிய 'கேட்ச் தட் கேட்', பார்வையற்ற சிறுவனைப் பற்றி ஜாய் விட்டேகர் எழுதிய 'கண்ணா பன்னா' ஆகியவையும் அப்பதிப்பகத்தின் நூல்கள்.

இந்த வரிசையில் ஓர் இடைவெளி தெரிகிறது. சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் ஓவியர் எளிதில் வரைந்துவிடுகிறார். வெளியே தெரியாத நோய்க்கு அப்படி ஓர் அடையாளம் இல்லாததால், அதைப் பற்றிய கதைகள் தமிழில் குறைவாகவே உள்ளன. சட்டம் இந்த வேறுபாட்டை ஓரளவு களைந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 நிலைகளில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் ஆகிய இரத்த நோய்களும் இடம்பெற்றன.

பந்தல்குடி வட்டாரம்

பந்தல்குடி, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் சாலையில் உள்ள ஊர். மானாவாரி வேளாண்மையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் இவ்வட்டாரத்தின் தொழில்கள். அருப்புக்கோட்டையில் நெசவு நெடுங்காலமாக நடந்துவருகிறது. தென்மாவட்டப் பேச்சில் உடல்நலக் குறைவை "மேலுக்குச் சொகமில்லை" என்பார்கள். 'மேல்' என்பது இங்கு உடம்பு. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் இச்சொல் போதும். மேலில் ஒன்றும் தெரியாத நோயைக் குழந்தைக்கு விளக்க இது போதாது.

வலிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. அதனால் பயன் எதுவும் இல்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், வலிப்பு அடங்கும்வரை அருகில் இருப்பதே முறை. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு நோய் 1999-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நீக்கப்பட்டது. எனினும் பெண் பிள்ளைக்கு வலிப்பு இருப்பதைச் சொன்னால் நாளை வரன் அமையாது என்ற அச்சம் பல குடும்பங்களில் நீடிக்கிறது. வீடு மறைக்கும்போது பள்ளிக்கும் தெரியாமல் போகிறது. உதவி தேவைப்படும் நேரத்தில் அருகில் இருக்கும் குழந்தைகள் பயந்து ஓடுகிறார்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்குப் பட அச்சில் தனிப் பெருமை உண்டு. நாட்காட்டி அச்சுக்குப் பெயர்பெற்ற சிவகாசியிலிருந்தே 1972-இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் படக்கதையின் தமிழாக்கமான அதில், மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் கட்டங்களில் தெரியும். அந்த ஒரு கையைக் கொண்டே சிறுவர்கள் முழு மனிதனையும் கதையில் பின்தொடர்ந்தார்கள். காண முடியாததைப் படத்தில் வாசிக்கும் பழக்கம் இம்மண்ணுக்குப் புதிதல்ல. ஊசி, மாத்திரை டப்பா, சர்க்கரை குறையும்போது வரும் நடுக்கம், ஓடியபின் வரும் இளைப்பு ஆகியவை நோய்க் கதையில் அந்த இரும்புக்கையின் இடத்தில் நிற்கக் கூடியவை.

இன்றைய நிலை

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. நன்றாக நடமாடும் பாட்டிக்கு எதற்கு மாத்திரை என்று பேரப்பிள்ளை கேட்பதும் இதே வகைக் கேள்விதான். நீரிழிவு உள்ள மாணவர்கள் வகுப்பிலும் தேர்விலும் சர்க்கரை அளவைச் சோதிக்கவும், இன்சுலின் போடவும், இடையில் சிற்றுண்டி உண்ணவும் இடம் தர வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியது.

நோயைக் கண்டறியவும் மருந்து கொடுக்கவும் வழி உண்டு. வகுப்பறையில் இடம் தரவும் விதி உண்டு. அந்த விதியை ஏற்கும் மனம் வகுப்புத் தோழர்களிடம் உருவாகக் கதை வேண்டும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், யாரும் படக்கதைகளைத் தமிழில் மொழிபெயர்த்து இலவசமாக வெளியிடலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறிய கதை நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. இவ்வழிகளில் வலிப்பு, நீரிழிவு, இளைப்பு பற்றிய கதைகளும் சென்றால், பந்தல்குடி போன்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் பத்து நிமிடத்தில் ஒரு நூலை வாசித்துக் காட்டிவிட முடியும். நடுங்கும் தோழனுக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டும், ஆசிரியரைக் கூப்பிட வேண்டும் என்று பக்கத்து இருக்கைக் குழந்தைக்குத் தெரிந்திருக்கும்.