காங்கேசன்துறைக் காரும் இரண்டாவது பற்றரியும்

இலண்டனில் வாழும் என் மருமகன் இம்முறை குடும்பத்துடன் ஊருக்கு வந்தபோது ஹோட்டல் அறை எதையும் எடுக்கவில்லை. கொழும்பில் ஒரு காம்பர் வானை வாடகைக்கு எடுத்து, அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து, காங்கேசன்துறை வரை வந்து சேர்ந்தான். நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்ரோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் வந்து அணையும் துறைமுகத்துக்குச் சற்று அப்பால், கடற்காற்று முகத்தில் அடிக்கும் ஓரிடத்தில் வானை நிறுத்தியிருந்தான். பார்க்கப் போனேன்.

வானின் கூரையில் சூரியத் தகடு. இருக்கையின் கீழே ஒரு பெரிய பற்றரி. குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, விளக்கு எல்லாம் அதிலிருந்துதான். என்ஜினை இயக்குவதற்குரிய பற்றரி முன்பக்கத்தில் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. வான் பல நாள் ஓடாமல் நின்றாலும், சூரியன் நிரப்பிய பெரிய பற்றரியிலிருந்து சிறிதளவு மின்னைக் கசியவிட்டு முன்பற்றரி இறந்துபோகாமல் அது பார்த்துக்கொள்கிறதாம்.

"மாமா, இப்ப எல்லாம் இப்பிடி வசதியள் வந்திட்டுது. உங்கட காலத்தில இதெல்லாம் எங்க?" என்றான்.

நான் சிரித்தேன். அந்தத் தீப்பெட்டிக் கருவி செய்யும் வேலையை 1993இல் இணுவிலில் ஒரு பலாமரத்தின் கீழே நான் என் கையால் செய்திருக்கிறேன். அந்தக் கதையை இதுவரை நான் எழுதியதில்லை. எழுதாததற்குக் காரணமும் உண்டு, அது பின்னர்.

காங்கேசன்துறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக் கார் ஓட்டும் அண்ணை ஒருவர் இருந்தார். 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ-40 கார். யாழ்தேவி வரும் நேரத்தில் புகையிரத நிலைய வாசலில் அது நிற்கும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியும், 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்து ஆலையும், துறைமுகமும் ஊருக்குச் சோறு போட்ட காலம் அது. அண்ணைக்கும் அதே சோறுதான்.

1990 ஜூனில் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. போர் மீண்டும் மூண்டது. ரயில் நின்றது, ஆலை நின்றது, ஊர் எழும்பியது. அண்ணை காரில் ஏற்றக்கூடியவர்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். அவர்களில் நானும் என் தாயாரும் இருந்தோம். இணுவிலில் ஒரே வளவில் இரண்டு குடும்பங்களும் ஒதுங்கினோம். ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் பல வீடுகளில் நெல்லைக்கூட மூட்டையாகவே விட்டுவிட்டு வந்தார்கள். ஊரின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கால் வைக்க முடியாமற் போனது.

அடுத்து வந்தவற்றை உலகெங்கும் உள்ள வாசகர்களில் அனுபவித்தவர்கள் அறிவார்கள்; அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தெற்கிலிருந்து வன்னி ஊடாகக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் 1990இல் துண்டிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், உரம், சீமெந்து, ரோச் லைற் பற்றரி எனத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. நாடு முழுவதற்கும் சீமெந்து அனுப்பிய ஊரின் மக்களுக்கு, கிணற்றுக்கட்டு உடைந்தால் பூச ஒரு பை சீமெந்து கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்தளந்து வந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறு திரியைச் செருகி எரித்த விளக்கில்தான் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம்.

கார்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. பழைய பிரித்தானியக் கார்களின் என்ஜின்கள் அமுக்கம் குறைந்தவை. சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டாவது ஓடும். ஆனால் குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு, அது பற்றிக்கொள்ளும் கணத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முதல் தடவையில் பிடித்தால் பாக்கியம். பிடிக்காவிட்டால் மீண்டும் சுழற்ற வேண்டும். பெற்றோல் காலத்தில் ஒரு தடவை சுழற்றிய இடத்தில் இப்போது ஐந்து தடவை, ஆறு தடவை. அத்தனையும் பற்றரியின் தலையில்.

இந்தக் கார்களுக்கு முன்னால் ஹாண்டில் போட்டுச் சுழற்றலாமே என்று சிலர் கேட்கக்கூடும். சுழற்றலாம்தான். ஆனால் தீப்பொறிக்கு மின் வேண்டும். அதையும் பற்றரிதான் தரவேண்டும். முற்றாக இறந்த பற்றரியோடு ஹாண்டிலைச் சுழற்றினாலும் சரி, பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் சரி, கார் அசையுமே தவிர என்ஜின் பேசாது.

அந்தப் பற்றரியைத்தான் நான் கொன்றேன்.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் வேலை. கொப்பிக்குரிய கோடு போட்ட தாளில் பத்திரிகை அச்சான காலம். வெளியுலகச் செய்தி என்றால் வானொலிதான்: பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். இரவில் கேட்டு, குறிப்பெடுத்து, எழுதி, விடிய அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சைக்கிளை மிதித்தபடி குறிப்பெடுக்க முடியாது. எனவே அண்ணையிடம் சொல்லாமலே அவருடைய கார் பற்றரியிலிருந்து வயர் இழுத்து வானொலியையும், காரின் சிக்னல் விளக்கிலிருந்து கழற்றிய ஒரு குமிழையும் எரித்தேன்.

கணக்கைப் பாருங்கள். அந்தக் குமிழ் 21 வாட். ஏறத்தாழ 1.75 அம்பியர் மின் இழுக்கும். மூன்று மணி நேரம் எரித்தால் ஐந்து அம்பியர் மணிக்கு மேல் போய்விடும். காரைச் சுழற்றுவதற்கு 150 அம்பியர் தேவை என்று வைத்தாலும், பத்து விநாடிக்கு அரை அம்பியர் மணிகூட ஆகாது. அதாவது என்னுடைய ஓர் இரவு வெளிச்சம், பன்னிரண்டு தடவை காரைச் சுழற்றும் வலுவைத் தின்றது. நான்கு இரவுகள் அப்படி எழுதினேன். மண்ணெண்ணெய் இல்லாததால் அந்த நாட்களில் கார் ஓடவுமில்லை. எடுத்தது திரும்பி ஏறவில்லை.

ஐந்தாம் நாள் இரவு, அடுத்த வளவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. அண்ணை வந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தள்ளினோம், ஹாண்டில் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளையைச் சைக்கிள் கரியரில் இருத்தி, இருபக்கமும் இருவர் தாங்கிப் பிடிக்க, இருட்டில் ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வாசலை எட்டும்போதே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் குழந்தையும் பிழைத்தார்கள் என்பதால்தான் இதை இன்று எழுத என்னால் முடிகிறது.

விடிய அண்ணை பொனெற்றைத் திறந்து, நான் இழுத்திருந்த வயரைப் பார்த்தார். ஏசவில்லை. "தம்பி, வெளிச்சத்துக்கு ஒரு பற்றரி, ஓடுறதுக்கு ஒரு பற்றரி. ரெண்டையும் ஒண்டாக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவர் சொன்னதில் ஒரு நூற்றாண்டுப் பொறியியல் இருக்கிறது. ஈய-அமிலப் பற்றரியைப் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தது 1859இல். கார் என்ஜினை மின்னால் சுழற்றும் முறை 1912 கடிலாக் காரோடுதான் பரவலாயிற்று. அதற்கு முன் ஹாண்டில் திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர். சுழற்றுவதற்குரிய பற்றரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிக்குப் பெரும் மின்னைக் கொட்டிவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது அது. மெல்ல மெல்ல அடிவரை இறக்கி வெறுமையாக விட்டால் தகடுகளில் வெண்மையான ஈய சல்பேற்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலு வராது. வீட்டு வெளிச்சத்துக்கு உகந்தது தடித்த தகடுகள் கொண்ட வேறு வகை. இன்றைய காம்பர் வானில் இரண்டு இருப்பதன் காரணமும் இதுதான்.

அண்ணை எங்கோ கைவிடப்பட்ட லொறி ஒன்றின் பெரிய பற்றரியைத் தேடிக் கொண்டுவந்தார். முதலில் அதைத் தோட்டத்து நீர்ப்பம்பி என்ஜினோடு ஒரு டைனமோவைப் பட்டியில் இணைத்து ஏற்றும் கடைக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வந்தோம். மண்ணெண்ணெய் விலை ஏற ஏறக் கடைக்காரரின் கூலியும் ஏறியது. பின்னர் 1993இல், மூடப்பட்ட ஓர் அலுவலகத்தின் கூரையில் கிடந்த சூரியத் தகடு ஒன்று எங்கள் கைக்கு வந்தது. முப்பத்தாறு கண்கள், 40 வாட். நல்ல வெயிலில் இரண்டேகால் அம்பியர் வரை தரும். ஒரு நாளில் பத்துப் பதினொரு அம்பியர் மணி. என் வானொலிக்கும் குமிழுக்கும் அது தாராளம். பற்றரிக்கு விட வடிநீர் கிடைக்காது. கூரையில் சீலை கட்டிப் பிடித்த மழைநீரைப் போத்தலில் சேமித்து விட்டோம்.

கார் பற்றரி என்ன செய்வது? ஓடாமல் நிற்கும் கார் பற்றரி தானாகவே மெல்ல மெல்ல வலுவிழக்கும். யாழ்ப்பாணத்து வெக்கையில் இன்னும் விரைவாக. லொறிப் பற்றரியிலிருந்து அதற்கு ஊட்ட வேண்டும். சும்மா இருக்கும் இரண்டு பற்றரிகளை வயரால் இணைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, நிரம்பியது 12.6 வோல்ட், அரைவாசி 12.2 வோல்ட், அந்தச் சிறு வித்தியாசம் போதாது. ஆனால் நண்பகலில் சூரியத் தகடு லொறிப் பற்றரியைத் தள்ளும்போது அதன் மின்னழுத்தம் 14 வோல்ட் வரை எழும்பும். அந்த நேரத்தில் இணைத்தால் மின் கீழ்நோக்கி ஓடும். வெயில் சாய்ந்த பின்னும் இணைப்பை விட்டால், என் வெளிச்சம் காரின் வலுவையும் சேர்த்துத் தின்றுவிடும். பழைய குற்றம் மீண்டும் நடக்கும்.

அளவோடு ஓட என்ன வழி? இங்கேதான் அண்ணையின் மூளை. ரோச் லைற் பற்றரிகள் தடை. எனவே வீட்டுக்கு வீடு ரோச் லைற்றுகள் வேலையின்றிக் கிடந்தன. அதன் குமிழ் 2.5 வோல்ட், 0.3 அம்பியர். அதை இரண்டு பற்றரிகளுக்கும் இடையே வயரில் வைத்தார். மின் ஓடும்போது குமிழ் மங்கலாக எரியும். கார் பற்றரி நிரம்ப நிரம்ப ஒளி அடங்கும். மீற்றரே இல்லாமல் கண்ணால் பார்த்து அறியலாம். நான்கு மணி நேரத்தில் ஓர் அம்பியர் மணி ஏறும். மிகச் சிறிதுதான், ஆனால் தானாக இழப்பதை ஈடுசெய்து, இரண்டு மூன்று தடவை சுழற்றுவதற்கும் அது போதும்.

ஒரு சங்கடம் இருந்தது. அக்காலப் பிரித்தானியக் கார்களில் உடற்சட்டம் நேர்முனையோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு எதிர்மாறு. சட்டம்தானே எதிர்முனை என்று எண்ணி வயரைக் கொளுவினால் நெருப்புப் பறக்கும். அண்ணை பொனெற்றின் உட்பக்கத்தில் சிவப்பு மையால் பெரிய கூட்டல் குறி ஒன்றை எழுதிவைத்தார். பகல் பதினொரு மணிக்கு அவர் கொளுவுவார். மூன்று மணிக்குக் கழற்றுவது என் பொறுப்பு; நான் அலுவலகத்தில் இருக்கும் நாட்களில் என் தாயாரின் பொறுப்பு. ஒரு நாளும் தவறவில்லை. மருமகனின் வானில் உள்ளதைப் போன்ற தானியங்கி இணைப்பிகளில் சில, 13.3 வோல்ட் அளவில் இணைத்து 12.8இல் துண்டிக்கின்றன. எங்களுக்கு அந்த எண்கள் தெரியாது. பலாமரத்தின் நிழல் கிணற்றுக்கட்டைத் தொட்டால் கழற்ற வேண்டும் என்பதுதான் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை ஒலிபெருக்கிகள் அறிவித்தன. வலிகாமம் முழுவதும் எழும்பியது. இலட்சக்கணக்கான மக்கள், மழை, இருட்டு, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். அந்த இரவைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உள்ளே என் தாயார், அண்ணையின் மனைவி, நடக்க முடியாத இரண்டு முதியவர்கள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. பத்தடி நகரும், அரை மணி நிற்கும். நிற்கும்போது என்ஜினை ஓடவிட மண்ணெண்ணெய் இல்லை. எனவே நிறுத்துவார், மீண்டும் சுழற்றுவார். இருபது தடவைக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன். பாலத்துக்கு முன் கார் பற்றரி களைத்துவிட்டது. லொறிப் பற்றரி முன் இருக்கையில் என் மடியில் இருந்தது. மழையில் வயரைப் பிடித்து, நேரோடு நேர், எதிரோடு எதிர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கொளுவினேன். கார் பிடித்தது. விடிந்து வெகுநேரம் கழித்துச் சாவகச்சேரி சேர்ந்தோம்.

அந்தச் சிறுமிதான் ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தவள்.

1996இல் திரும்பி வந்தபோது பலாமரம் நின்றது. சூரியத் தகடு இல்லை. அண்ணை அதன் பிறகு அதிக காலம் ஓடவில்லை. காரை விற்று மகளிடம் போய்ச் சேர்ந்தார். 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு ரயில் மீண்டும் வந்ததைப் பார்க்க அவர் இல்லை. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டும் வந்தபோது, வரிசையிலேயே பற்றரி இறந்து தள்ளப்பட்ட கார்களைப் பார்த்து நான் அவரைத்தான் நினைத்தேன்.

இவ்வளவையும் மருமகனிடம் சொல்லி முடித்தபோது நேரம் மூன்று மணியைத் தாண்டியிருந்தது. அவன் கைத்தொலைபேசியில் முன்பற்றரியின் அளவைக் காட்டினான்: 12.7. "மாமா, இதைக் கழற்றத் தேவையில்லை, தானாக் கழரும்" என்றான். சரி என்றேன். ஆனாலும் புறப்படும் முன் ஒருமுறை வானின் முன்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.