மூக்கில்லா ஜீப்பு: மும்பை செய்த ஒரு பாரவண்டியின் வரலாறு

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தாராவித் தோல் கிடங்குகளையும் மாட்டுங்கா உணவுக் கடைகளையும் தவறாமல் குறிப்பிடுவர். குறிப்பிட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தோலையும் அரிசி மூட்டையையும் சுமந்து திரிந்த வண்டிகளைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அக்குறையைக் கொஞ்சம் தீர்க்கலாமே என்றுதான் இக்கட்டுரை.

சிறு வயதில் தாராவி மெயின் ரோட்டில் 'மூக்கறுந்தான்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த சின்ன லாரி ஒன்று உண்டு. முன்னால் பானெட்டே கிடையாது. டிரைவர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். இது ஜீப்பு வம்சம்டா என்று பட்டறை அண்ணாச்சி ஒருவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. உண்மை அதுவே. அவ்வண்டியின் பெயர் எஃப்சி 150. ஃபார்வர்ட் கன்ட்ரோல் என்பதன் சுருக்கம்.

ஜீப்பு மும்பைக்கு வந்த கதை முதலில். மகிந்திரா சகோதரர்களான ஜே.சி., கே.சி. இருவரும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து 1945 அக்டோபர் 2 அன்று 'மகிந்திரா அண்ட் முகமது' என்ற இரும்பு வணிக நிறுவனத்தைத் தொடங்கினர். பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகப் போய்விட்டார். 1951இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் நிறுவனம் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்திடமிருந்து 75 ஜீப்புகளைப் பாகம் பாகமாக இறக்குமதி செய்து, மஜ்காவில் வாடகைக்கு எடுத்த கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். 1949 ஜூன் மாதம் முதல் வண்டி வெளியே வந்தது. 1954 முதல் இங்கேயே உற்பத்தி. 1962இல் உள்நாட்டுப் பாகங்கள் 70 விழுக்காடு, 1967இல் 97 விழுக்காடு. இடைப்பட்ட இந்த ஐந்தாண்டுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒரு ஆலைக்கு இத்தனை பாகம் வேண்டுமென்றால் அதைச் சுற்றி எத்தனை லேத்துப் பட்டறை, எத்தனை வார்ப்படச் சாலை ஓடியிருக்க வேண்டும்! ஊரிலிருந்து ரயிலேறி வந்த நம் ஆட்கள் 'டர்னர்', 'ஃபிட்டர்' என்று பெயருக்குப் பின்னால் தொழிலைச் சேர்த்துக்கொண்ட காலமும் அதுவே.

எஃப்சி 150 இங்கே 1965இல் வந்தது. ஆனால் அதன் பூர்வீகம் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரம். 1957ஆம் ஆண்டு மாடலாக அங்கே வெளியானது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். சிஜே 5 ஜீப்பின் 81 அங்குலச் சக்கர இடைவெளியை மாற்றாமல், டிரைவரைத் தூக்கி எஞ்சினுக்கு மேலே உட்கார வைத்துவிட்டார். மொத்த நீளம் 12 அடிக்குச் சற்றே கூடுதல். அதில் பாதிக்கு மேல், ஆறடிக்கும் அதிகம், சரக்குத் தொட்டி. தாராவி மாதிரியான சந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு ஏது? மழைக்காலத்தில் சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, நான்கு சக்கர இழுப்பைப் போட்டுவிட்டு இது பாட்டுக்குப் போகும்.

குறையும் உண்டு. எடை முழுக்க முன்னால். தொட்டி காலியாக இருக்கும்போது இறக்கத்தில் வேகமாகப் பிரேக் பிடித்தால் பின்பக்கம் தூக்கப் பார்க்கும். பக்கவாட்டிலும் ஆட்டம் இருந்ததால் 1958இல் சக்கர அகலத்தை 48 அங்குலத்திலிருந்து 57 ஆகக் கூட்டினார்கள். எஞ்சின் பெட்டி டிரைவருக்குப் பக்கத்திலேயே என்பதால் மே மாதத்தில் அடுப்பருகே உட்கார்ந்த மாதிரிதான். அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 1965 வரை எஃப்சி வரிசை முழுவதிலும் விற்றது சுமார் 30,000 வண்டிகள். அங்கே கடையை மூடிய ஆண்டில்தான் நாம் இங்கே திறந்தோம். சிஜே 3பி ஜீப்புக்கும் இதே கதி. அமெரிக்கா 1968இல் கைவிட்ட அந்த வடிவத்தை மகிந்திரா பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தது. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பு மும்பையில் பிறந்தது என்பதை ஊரிலுள்ள நம் உறவினர் பலர் அறியார்.

அருகிப்போன வண்டி என்பதால் எஃப்சிக்கு இன்று அமெரிக்கச் சேகரிப்பாளரிடையே மதிப்பு கூடியுள்ளது. நம்மூரில் நிலைமை வேறு. 2000களின் தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவுகளால் மும்பையின் பழைய வணிக வண்டிகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும், அல்லது விலக வேண்டும் என்றாயிற்று. பழைய பாரவண்டிகள் குர்லா பங்கார் கடைகளில் கிலோக் கணக்கில் போயின. 2023 அக்டோபரில் குர்லா ஆலையின் பிள்ளையான பத்மினி டாக்சி விடைபெற்றபோது செய்தித்தாள்கள் எழுதின, கண்ணீர் விட்டவர்களும் உண்டு. மூக்கறுந்தானுக்கு யார் அழுதார்கள்?

சட்டமும் அப்படித்தான். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்த, அசல் மாறாத வண்டிக்கு 'விஏ' எழுத்துடன் சிறப்பு எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. நல்ல விதிதான். ஆனால் இரு சக்கர வண்டிக்கும், ஆளேற்றும் எம்1 வகைக்கும் மட்டுமே அது பொருந்தும். அதுவும் சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். சரக்கேற்றும் பிக்கப் என்1 வகை. ஆகவே ராஜா வீட்டு கார் பழம்பெரும் வாகனம். மூட்டை தூக்கிய வண்டி வெறும் பழைய இரும்பு. ஐம்பது ஆண்டு உழைத்தது குற்றமா, சொல்லுங்கள்.

செம்பூர் நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு முன் என்னைக் குர்லாவுக்கு அழைத்துப் போனார். டயர் இல்லை, கதவு ஒன்று இல்லை, கேபினும் சேசிஸும் மட்டும் தேறும். பங்கார்காரர் மறுநாள் காஸ் கட்டர் வைப்பதாக இருந்தார். பேரம் பேசி எடைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கினோம். ஆர்.சி. புத்தகத்தில் 'கூட்ஸ்' என்றுதான் இருக்கிறது. சொசைட்டியில் நிறுத்த இடம் தரவில்லை. அம்பர்நாத்தில் தெரிந்த பட்டறை ஒன்றில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. எஞ்சின் போன வாரம்தான் ஒருமுறை இருமியது என்று போன் வந்தது.